கோரல் செய்யாத அசுத்தம்

புரிங்கல் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப் பேர் கோரல் ஹேடன் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய்ப் படித்தவர்கள். முப்பத்தோரு வருடம் அந்தச் செம்மண் சாலையில் ஓட்டினாள். ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவளை அதே ஊர் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓய்வு பெற்றதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பதிமூன்றடி நீளத்தில், வண்டியில் மாட்டி இழுக்கும் சின்ன வீடு மாதிரி ஒரு பழைய கேரவன் வாங்கினாள். மகள் பிரிஸ்பேனில் ஓர் அறையை ஒழித்துவைத்துக் கூப்பிட்டாள். "அங்க வந்து ஜன்னல் வழியா அடுத்த வீட்டுச் சுவரைப் பாத்துட்டு உக்காரவா?" என்று கேட்டுவிட்டு, கேரவனை ஜீப்பில் மாட்டி ஆற்றங்கரைக்கு இழுத்து வந்துவிட்டாள். அங்கே கரண்டும் கிடையாது, குழாயும் கிடையாது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஒரு தடவைக்கு இருபத்தெட்டு நாள் தங்கலாம்; பிறகு ஓரிரவு வெளியே போய்த் திரும்பி வரலாம். பக்கத்தில் என் கூடார வண்டி. நான் ரெஜ், வேலி போட்டே முதுகைத் தொலைத்தவன்.

எண்பது லிட்டர் தண்ணீரில் பத்து நாள் ஓட்டுவாள் கோரல். தட்டைப் பழைய செய்தித்தாளால் வழித்துவிட்டு, மூன்று லிட்டரில் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி முடிப்பாள். அந்த அழுக்குத் தண்ணீர்கூட மண்ணில் சிந்தாது. மூடி போட்ட கேனில் பிடித்து, பெட்டிக் கழிப்பறையின் தொட்டியோடு சேர்த்து, மூன்று நாளைக்கு ஒருமுறை ஊருக்குள் அதற்கென்று இருக்கும் குழியில் கொட்டி அலசிக் கொண்டுவருவாள். டீ குடிக்கும்போதே பாதியில் எழுந்துபோய் சோலார் தகட்டை வெயில் பக்கம் திருப்பிவைப்பாள். நான் ஜெனரேட்டரைக் கிளப்பினால் போதும்.

"யோவ் ரெஜ், ஒரு போனுக்கு சார்ஜ் ஏத்த எதுக்குய்யா அந்த எருமையைக் கத்த விடுற? போனை இங்க குடு."

போன குளிர்காலத்தில் நகரசபை ஒரு விதி கொண்டுவந்தது. கழிப்பறையும் கழிவுத்தொட்டியும் வண்டியோடு பொருத்தப்பட்டிருந்தால்தான் ஆற்றங்கரையில் தங்கலாம். அதற்கு அடையாளமாக ஒரு பச்சை ஸ்டிக்கர். கோரலின் தொட்டி கையில் தூக்கிச் செல்வது என்பதால் அவளுக்கு ஸ்டிக்கர் இல்லை, எனக்கும் இல்லை.

அந்த வாரம் தெற்கிலிருந்து வீடு போல ஒரு பேருந்து வந்து நின்றது. உள்ளே துணி துவைக்கும் மெஷின்கூட உண்டு. கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர். செவ்வாய்க்கிழமை காலையில், உறைபனி உருகுவதற்குள், அதை ஓட்டிவந்த ஆள் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குழாயை இழுத்து ஆற்றுச் சரிவில் விட்டுக் கழிவைத் திறந்துவிட்டான். நானும் பார்த்தேன், கோரலும் பார்த்தாள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நடந்துபோவதற்குள் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

விதிகளைக் கண்காணிக்கும் நகரசபை ரேஞ்சர் லாக்லன் வந்தபோது அந்த நாற்றம் அங்கேயே இருந்தது. அவனும் கோரலின் பள்ளிப் பேருந்தில் போய்ப் படித்தவன்தான்.

"மேடம், உங்க ரெண்டு பேர் வண்டியிலயும் ஸ்டிக்கர் இல்ல. நாளைக்குள்ள எடுத்துருங்க."

"மேடமா? ரெண்டாங்கிளாஸ்ல என் மடியில வாந்தி எடுத்தியே லாக்கி, அப்ப நான் மேடமா இருந்தேனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கரையில அசிங்கம் கெடக்குன்னு புகார் வந்திருக்கு, கோரல்."

"பண்ணினவன் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி போயிட்டான். இந்தா, ரெஜ் சாட்சி."

"அவங்களுக்கு ஸ்டிக்கர் இருக்கே."

"ஸ்டிக்கரா தம்பி கக்கூசுக்குப் போகுது? மனுசன்தானே போறான்?"

லாக்லன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான். கோரல் மண்வெட்டியை எடுத்தாள். நான் தடுத்தேன், நாம் ஏன் அள்ள வேண்டும் என்று சத்தம் போட்டேன். "கீழ வளைவுல பிள்ளைங்க தண்ணியில எறங்கும்யா" என்றாள். மதியம் வரை இருவருமாக அந்த மண்ணை வெட்டி வாளிகளில் அள்ளி ஊர்க் குழிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் அவளும் நானும் வண்டிகளை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். ஊருக்கு வெளியே இருக்கும் மெரிக் குடும்பத்தார் தங்கள் ஆட்டுப் பண்ணையில், கம்பளி கத்தரிக்கும் பழைய கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

அதோடு போயிருந்தால் அவளும் விட்டிருப்பாள். வெள்ளிக்கிழமை ஊர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் செய்தி: இலவசமாகத் தங்குவோர் ஆற்றை நாசமாக்குகிறார்கள். கூடவே, நகரசபை கொடுத்தது என்ற குறிப்போடு, கோரலின் கேரவன் படம். எண் பலகை முதற்கொண்டு தெளிவாகத் தெரிந்தது.

ரொட்டிக் கடையில் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே போனதும் பேச்சு மட்டும் நின்றது. அதுதான் அவளை அறுத்தது.

நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு. இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றாள்.

"எனக்கு அங்க எடம் வேணாம். அந்த அசிங்கம் நான் பண்ணினதில்லன்னு உங்க கூட்டக் குறிப்புல ஒரு வரி எழுதுங்க. அது போதும்."

மேயர் கண்ணாடியைக் கழற்றினார். "அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்மா."

"பத்திரிகைக்குப் படம் குடுத்தது எந்த நிரல்ல இருந்துச்சு?"

"நேரம் முடிஞ்சது. ஒக்காருங்க."

"உங்க மூணு பிள்ளைங்களையும் வெள்ளத்துல சுத்துவழியில ஓட்டிக் கொண்டாந்து வீட்டுல விட்டேன். அன்னைக்கு நேரம் முடிஞ்சுதுன்னு நான் நடுவழியில எறக்கி விடல."

பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மேயர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு வரி, ஒரே ஒரு வரி. அதை எழுத அந்த ஒன்பது உறுப்பினர்களுக்கும் கை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீருடை இல்லாமல் லாக்லன் பண்ணைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். கழிவை விட்ட பேருந்தின் எண்ணையும் என் சாட்சியத்தையும் அறிக்கையில் எழுதியிருந்தானாம். அறிக்கை மேலே போனபோது அதிகாரிகள் அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்களாம்.

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் கோரல்.

"வேலை போயிரும்னு பயம்."

அவனுக்கு டீ ஊற்றினாள், சர்க்கரைப் பாகு தடவிய ரொட்டியும் கொடுத்தாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அவன் போன பிறகும் வெகுநேரம் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று மூன்று லிட்டர் கணக்கெல்லாம் போயிற்று.

வசந்தத்தில் விதியைத் தளர்த்தினார்கள். பெட்டிக் கழிப்பறை வைத்திருப்பவர்களும் தங்கலாமாம். வண்டிக்காரர்கள் வராமல் பெட்ரோல் பங்கும் ரொட்டிக் கடையும் காற்று வாங்கியதால் வந்த ஞானம் அது. கோரலுக்கும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். "அன்புள்ள கேரல்" என்று தொடங்கியது. பேருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, படத்தைப் பற்றியும் இல்லை.

அவள் சிவப்புப் பேனாவால் பெயரைத் திருத்தி, வேறெதுவும் எழுதாமல் அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பினாள். நான் ஆற்றங்கரைக்குத் திரும்பிவிட்டேன். வாயேன் என்று பல தடவை கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அந்த ஒரு வரிய எழுதட்டும், வர்றேன்" என்கிறாள்.

அவர்கள் இன்னும் எழுதவில்லை.