எல்லம்மாளின் துவைகல்

அடி அண்ணாமலையில் எல்லம்மாளைப் போல் சந்தேகப்படுகிறவள் இன்னொருத்தி கிடையாது. அவள் வீட்டை ஒட்டினாற்போல் என் பெட்டிக்கடை. கம்பெனியில் ஒட்டி வந்த பால் பாக்கெட்டையே நாலு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் விற்கிறாள். நெற்றி நிறைய விபூதி பூசியவர் நீட்டும் நோட்டையும் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். எனக்கே எரிச்சலாக வரும்.

ஆனால் அவளை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ரோட்டை அகலப்படுத்தியபோது இரண்டு பேர் வந்து, "சும்மா பாக்கத்தாம்மா வந்தோம்" என்று சொல்லி, அவள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் மிஷின் வந்து முன்பக்கக் கொட்டகையை வாரிக்கொண்டு போயிற்று. மிச்சமிருக்கும் வீட்டுக்கும் பட்டா கிடையாது. புருஷன் இளவரசன் இறந்த பிறகு அவளுக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா?

அப்படிப்பட்டவள் வாசலில்தான் போன மாசம் அந்த வெள்ளைக்கார அம்மா வந்து நின்றார். பெயர் ஹிலரி. டவுனிலிருந்து கூட்டி வந்தவன் ஆட்டோ ஓட்டும் தௌஹீத். வெளிநாட்டுக்காரர்களோடு பழகிப் பழகி இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

"இவங்க முன்னோருங்கள தேடிட்டு வந்திருக்காங்கம்மா. அந்தக் காலத்துல இங்க செத்துப்போனவங்க கல்லு ஒண்ணு இந்தப் பக்கம் இருக்குதாம். இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருக்கும். பாத்திருக்கீங்களா?"

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. போப்பா."

பச்சைப் பொய். அவள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் துவைகல்லின் அடியில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிறது. தண்ணீர் போக வழி வெட்ட ஒருதரம் அதைப் புரட்டியபோது நானே பார்த்தேன். அவள் மாமனார் எங்கேயோ கிடந்ததென்று வண்டியில் ஏற்றி வந்து போட்ட கல்.

அவர்கள் தலை மறைந்ததும் பின்பக்கம் போனேன். வீட்டிலிருந்த போர்வை, புடவை எல்லாவற்றையும் நனைத்து அந்தக் கல்மேல் குவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, சொன்னா இன்னா கொறஞ்சிடும்?"

"வேதா, நீ வாய மூடு. இன்னைக்கு கல்லுன்னு வருவா. நாளைக்கு இது எங்க தாத்தா எடம்னு கவர்மெண்ட்ட இட்டுனு வருவா. அப்புறம் நான் உன் கடையிலயா படுத்துக்கறது?"

மறுநாளும் ஹிலரி வந்தார். அதற்கும் மறுநாள் வந்தார். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது கொடுத்த எல்லம்மாள், அவர் குடித்து முடிக்கும்வரை பின்பக்க வழியை மறித்தே நின்றாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளா அவள்?

"யாரு செத்தாங்களாம்? பெரிய ஆபீசரா?" என்று நான்தான் தௌஹீத்தைக் கேட்டேன்.

"ஆபீசரு இல்லக்கா, கொழந்த. பொண்ணு. ரூத்னு பேரு, ஒரு வயசுகூட ஆவல. இவங்க ஊரு சின்ன கிராமம். அங்க சர்ச்சு பக்கத்துல குடும்பத்துல எல்லாரும் ஒரே வரிசையா படுத்திருக்காங்க. அந்த அம்மாக்காரி உட்பட. கொழந்த மட்டும்தான் இங்க."

எல்லம்மாள் முகம் மாறியது. பிறகு, "பொதச்ச எடத்த அம்மாக்காரிக்குக் காட்டுனாங்களாமா? கேளு" என்றாள்.

தௌஹீத் கேட்டுச் சொன்னான். "அவங்களே நின்னுதான் பொதச்சாங்களாம். கல்லும் அவங்களே சொல்லி வெட்டுனதாம்."

"குடுத்து வச்சவ" என்றாள் எல்லம்மாள்.

அவள் பெற்ற ஒரே பிள்ளையும் பெண்தான். பதினோரு மாசத்தில் ஜுரம் கண்டு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அந்த வயசுப் பிள்ளையை ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். பெற்றவள் போகக் கூடாது. இடத்தையும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம். இளவரசன் சாகும்வரை அவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏரிக்கரையா, மலையடிவாரமா என்றுகூட அந்த மனுஷன் வாய் திறக்கவில்லை.

எல்லம்மாள் எங்களைப் பின்பக்கம் வரச் சொன்னாள். ஈரத் துணிகளைத் தூக்கிப் போட்டாள். நாங்கள் நாலு பேரும் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டினோம். அடிப்பக்கத்துச் சேற்றைத் தன் புடவை முந்தானையாலேயே துடைத்தாள். ஹிலரி குனிந்து விரலால் தடவிப் படித்தார். "ரூத்" என்றார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. எல்லம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"கொழந்த எங்க இருக்குதுன்னு கேக்கறாங்கம்மா. இந்தக் கல்ல எங்கேருந்து கொண்டாந்தாங்க?"

எல்லம்மாள் என்னைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க மாமனாரு எந்தக் கொல்லையிலேருந்து பேத்தாரோ! நானும் கேக்கல, அவரும் சொல்லல. எங்க வூட்டு ஆம்பளைங்க எனக்கு செஞ்சத, அந்தப் புண்ணியவதிக்கும் செஞ்சுட்டோமே!"

தௌஹீத் அதை இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தான். அவனால் முடியவில்லை.