கமலாக்கா வைத்துவிட்டுப் போன செம்பு

மகன் முற்றத்தில் யூரியா மூட்டையைப் பிரித்தான். அந்த மூத்திர நெடி மூக்கில் ஏறியதுமே எனக்கு எரிச்சல் வந்தது. என் தகப்பன் இடுப்பில் கட்டும் சாரத்திலும் இதே நெடிதான் அடிக்கும்.

அறுபதுகளில் வட்டக்கச்சியில் எங்களுக்கு வயல் கிடைத்த புதிது. உரம் போட்டால் நாலைந்து நாளாவது தண்ணீரை வயலுக்குள் மறித்து வைக்கவேண்டும். என் ஐயாவோ ஒரு மூட்டை போடச் சொன்ன இடத்தில் இரண்டைப் போட்டார். பயிர் நுனி கருகியதும் பயந்துபோய் வரம்பை வெட்டிவிட்டார். அவ்வளவு உரத்தண்ணீரும் வாய்க்கால் வழியே கீழேயிருந்த மடுவுக்குப் போனது.

சில நாட்களில் மடு பச்சைக் கூழானது. மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மடுக்கரையில் இருந்த கமலாக்கா வீட்டார் குடிக்க அள்ளுவது அங்கேதான். ஒரு மத்தியானம் அவர் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐயாவின் முன்னால் ஒரு செம்பை வைத்தார்.

"உங்கட வயல் தண்ணிதான் அண்ணை. குடியுங்கோ."

ஐயா நிமிரவில்லை. "வாய்க்கால் எல்லாருக்கும் பொது" என்றார். கமலாக்கா போனபின் என்னிடம், "உந்தத் தண்ணியைக் கொண்டுபோய் ஊத்து பிள்ளை" என்றார். நான் அதே வாய்க்காலில் ஊற்றினேன்.

செம்பை எடுக்க அவர் வரவேயில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரை அதிலேயே ஊற்றிக் குடித்தோம். வெட்கங்கெட்ட குடும்பம் எங்களுடையது.

"ரெண்டு மூட்டையும் போடுறன் அம்மா. கூடிப்போனா வரம்பை வெட்டிவிடலாம்தானே" என்றான் மகன். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

"கீழ மடு கிடக்கு. போய் அள்ளிக் குடி" என்றேன்.