பாரிவாக்கம் களிமண்ணும் நான் தேர்ந்தெடுத்த அகல டயரும்

டிசம்பர் இரண்டாம் வாரம், மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. ஜனவரியில் ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போவதாக நானும் தனசேகர் அண்ணனும் முடிவு செய்திருந்தோம். அதற்கு முன் சேற்றில் ஓட்டிப் பழக ஒரு காலைப் பயணம். இருபத்திரண்டு கிலோமீட்டர் போவதாகத் திட்டம், பதினொன்றரைதான் போனோம். மழைக்கால மண் பாதைக்காக டயர் மாற்ற நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாற்றுங்கள். எழுதப் பிடிக்காமல்தான் எழுதுகிறேன்.

தனசேகர் அண்ணன் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிக்காரர், நாற்பத்தெட்டு வயது, சேக்காட்டில் வீடு. நான் அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஃப்ளாட்டில் இருக்கும் ஐ.டி. ஆள். இரண்டு வருடம் முன்பு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பழக்கமானோம். சர்க்கரைக்காக சைக்கிள் எடுத்தவர் அவர். ஒரே வருடத்தில் மாத்திரை பாதியாகக் குறைந்ததை அவர் மனைவி சாந்தி அக்கா பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்.

நவம்பர் கடைசியில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சின்ன சைக்கிள் கடைக்கு டயர் வாங்கப் போனோம். நான் ஒரு மாதமாக வீடியோ பார்த்துத் தேறியிருந்தேன். எங்கள் இரண்டு சைக்கிளிலும் இருந்தது 2.1 இஞ்ச். நான் 2.4 இஞ்ச் கேட்டேன். அகலம் கூடினால் பிடிமானமும் கூடும் என்பது என் கணக்கு. கடைக்காரர் பாபு ஒரு டயரை மாட்டி, டயருக்கும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை.

"அண்ணாத்தே, நம்ம பக்கம் களிமண்ணு. இதுல அப்பிக்கினு சக்கரம் நின்னுக்கும். ஒல்லியா, பட்டன் தள்ளித் தள்ளி கீற டயரா போடு" என்றார்.

நான் சிரித்தேன். வெளிநாட்டில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று அவருக்கு வகுப்பே எடுத்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றுவிட்டு அவரும் அதையே போடச் சொன்னார். ஒரு டயர் 1,850 ரூபாய்.

அன்று காலை 5:40க்குக் கிளம்பினேன். பாரிவாக்கம் சந்திப்பு என் மீட்டரில் 8.4 கிலோமீட்டர். 6:20க்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் குரங்குக் குல்லாவோடு டீக்கடையில் நின்றிருந்தார். டயர் தார் ரோட்டில் இரைச்சல் போடுது, மிதிக்கவும் கனமா இருக்கு என்றார். மண்ணில் இறங்கினால் சரியாகிவிடும் என்றேன்.

டீ குடித்துவிட்டு, மனை போட்டு விற்கிற பக்கமாகத் திரும்பினோம். முதல் இரண்டு கிலோமீட்டர் மணல் கலந்த மண். டயர் அருமையாகப் போனது, எனக்கு ஒரே பெருமை. அதன் பிறகு களிமண். முந்நூறு மீட்டருக்குள் டயர் மேல் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன்களே தெரியவில்லை, வழவழவென்று ஒரு மண் உருளை ஆகிவிட்டது. குச்சியால் சுரண்டினோம். பத்து மிதி மிதிப்பதற்குள் மறுபடி அடைத்துக்கொண்டது.

"சக்கரம் உருள மாட்டேங்கு தம்பி. இறங்கித் தள்ளிருவோமா?" என்று அண்ணன் கேட்டார்.

வேகம் கூட்டினால் சேறு தானாகத் தெறித்துவிடும் என்று சொன்னேன். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள். நம்பி ஏறினார். முன்னால் ஒரு சிறுபாலத்துக்கு இறங்கும் சரிவு. அதில் வேகம் எடுத்தார். பாதியில் அவருடைய முன்சக்கரம் அப்படியே நின்றது. ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய், இடது தோள் பாலத்துக் கட்டைச் சுவரில் அடிக்க விழுந்தார். நேரம் 7:05. பத்தடி பின்னால் வந்த எனக்கு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

அந்தச் சேற்றுக்குள் ஆட்டோ வராது. அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றே கால் கிலோமீட்டர் நடந்து ஆட்டோ பிடித்தேன். பூந்தமல்லியில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர எட்டே கால் ஆனது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது, தோள் மூட்டிலும் விரிசல். பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள்.

சாந்தி அக்கா வந்து எப்படி விழுந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், கடைக்காரன் கொடுத்த டயர் சரியில்லை என்றுவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த பதினாறு நாளும் அதையேதான் செய்தேன்.

பதினேழாம் நாள் டயரை மாற்ற பாபு கடைக்குப் போனேன். அப்போதுதான் அக்கா அங்கே வந்து சண்டை போட்டது தெரிந்தது.

"கடைக்கு முன்னாடி நின்னு கத்திச்சு. நீதான் கேட்டு வாங்கினேன்னு சொல்லிரலாம்னு பாத்தேன். அது அழுதுகினே இருந்துச்சு, உட்டுட்டேன்" என்றார் பாபு. என் மேல் கோபப்படக்கூட இல்லை. டயரைக் கழற்ற ஆரம்பித்தார்.

அங்கிருந்து நேரே சேக்காட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"கடைக்குப் போயி கத்திட்டு வந்த அன்னைக்கே அவுக உண்மையச் சொல்லிட்டாக. மறுநாளே போயி அந்தத் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். நீங்க என்னைக்கு வருவீகன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்டதை பாபு என்னிடம் சொல்லவே இல்லை.

இனி டயர் விஷயம். இந்தப் பக்கத்துக் களிமண்ணுக்கு 2.0 இஞ்சுக்கு மேல் போகாதீர்கள். பட்டன் உயரமாகவும் நன்றாக இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். டயரை மாட்டியபின் ஃபோர்க்கிலும் பின்பக்க ஃபிரேமிலும் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும், இல்லையென்றால் வாங்காதீர்கள். மழை விட்டு ஒரு வாரமாவது கழித்துப் போங்கள். சக்கரம் இறுகினால் இறங்கிச் சுரண்டுங்கள், வேகம் கூட்டாதீர்கள். கூட வருபவருக்கு டயர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இப்போது பிப்ரவரி. அண்ணனின் இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. மாத்திரை மறுபடி முழுசாகிவிட்டது. சைக்கிளை விற்றுவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்க்கப் போனேன். அக்கா அவருக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார் அண்ணன், முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அரைமணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இந்த இரண்டு வருடத்தில் சைக்கிளைத் தவிர வேறு எதையுமே நாங்கள் பேசிக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.