முதுகில் பட்ட குண்டு

பாறைவிளை சுந்தர்சிங்குக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவருடைய அப்பாவைத்தான் குறை சொல்ல வேண்டும். பஞ்சாபிலிருந்து ஒரு சாது தென் திருவிதாங்கூர்ச் சபைகளுக்கு வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போன வருஷத்தில் பிள்ளை பிறந்தது. கேட்ட பிரசங்கத்தில் மனம் உருகிப்போன அப்பா, சாதுவின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார். குழித்துறை சுற்றுவட்டாரத்தில் அந்த வருஷம் ஞானஸ்நானம் பெற்ற ஆண்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு சிங்தான். இந்தப் பெயர் டெல்லி வரைக்கும் போய்ப் பிள்ளையை என்ன பாடுபடுத்தும் என்று ஒரு பனையேறிக்கு எங்கே தெரியப்போகிறது.

சுந்தர்சிங்கும் பனையேறிதான். நாற்பத்திரண்டாம் வருஷம் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போய் நின்றார். துப்பாக்கி கொடுக்கவில்லை. மருத்துவப் படையில் சேர்த்து, ஸ்ட்ரெச்சர் தூக்கப் பழக்கினார்கள். அதிலும் ஒரு வித்தை உண்டு. முன்னால் பிடிப்பவன் இடது காலை வைத்தால் பின்னால் பிடிப்பவன் வலது காலை வைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே காலை வைத்தால் ஸ்ட்ரெச்சர் தொட்டிலாக ஆடும், அடிபட்டவன் உயிர் வழியிலேயே போகும். இன்னொன்று, என்ன நடந்தாலும் ஓடக்கூடாது. இரண்டு வருஷம் பர்மா எல்லை மலைகளில் சுந்தர்சிங் ஓடாமல் நடந்தார். நாற்பத்து நான்கில் ஒரு மழைநாளில், குமாவுன்காரச் சிப்பாய் ஒருவனைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கும்போது வலது தோள்பட்டைக்குக் கீழே குண்டு பட்டது. பின்னால் பிடித்திருந்தவர் அவர். சுட்டவன் இருந்ததும் பின்னால்தான். அந்தச் சிப்பாய் பிழைத்தானா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நாலு மாதம் அசாமில் ஆஸ்பத்திரி. பிறகு வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி, நன்னடத்தை என்று இன்னொரு வரியும் எழுதி, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். குண்டு எங்கே பட்டது, எதற்காகப் பட்டது என்று அந்தத் தாளில் ஒரு வார்த்தை கிடையாது. வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. பனையேற்றம் அதோடு முடிந்தது. மரச்சீனிக் கிழங்கு போட்டுச் சந்தையில் விற்கத் தொடங்கினார்.

ஊர் முதலில் மரியாதையாகத்தான் பார்த்தது. எல்லாம் அவர் ஆற்றில் குளிக்க இறங்கும்வரைதான். சட்டையைக் கழற்றியதும் நெஞ்சைத் தேடிய கண்களுக்கு முதுகில் தழும்பு கிடைத்தது. அன்றைக்குக் கரையில் செல்வதாஸ் சார் இருந்தது சுந்தர்சிங்கின் கெட்ட நேரம். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நல்ல மனுஷர். ஆனால் நாக்கு இருக்கிறதே, அதற்கு ஒரு வேலை வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளை முதுகில் காயம்பட்டுச் செத்தான் என்று கேட்ட தாய் எப்படித் துடித்தாள் என்ற பாடத்தை அந்த வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்.

“என்னடே சிங்கு, ஜப்பான்காரன் பின்னால இருந்து வந்தானா, இல்ல நீ முன்னால ஓடுனியா?” என்றார்.

கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுந்தர்சிங்குக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு ஏறிப் போனார். அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டது ஊர். ஒரு மாதத்தில் ‘புறமுதுகு’ என்று பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு ஓடின. சார் ஒரு வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் வேடிக்கையைச் சொன்னவர் மறந்துவிடுவார், சுமப்பவன் மறக்க முடியுமா?

நாற்பத்தேழில் கல்யாணம். மனைவி லீமா, ஆற்றுக்கு அக்கரை. மண்வெட்டியை ஓங்க முடியாத கணவனுக்குப் பதிலாக அவள்தான் மரச்சீனிக்கு மண் கொத்திக் கிளைத்தாள். அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. நாற்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்தவள், தலையில் போட்ட முந்தானையைக்கூட எடுக்காமல் அவர் முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவள் யாரோ, ஓடினவன் பெண்டாட்டி என்று காது கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

“நீங்க ஓடுனியளா?” என்று கேட்டாள்.

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன. ஓடுனியளா, இல்லியா?”

“ஆளைச் சுமந்துட்டு வந்தேன் லீமா. சண்டை ஒரு பக்கம், ஆஸ்பத்திரி மறுபக்கம். அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குல்லா கொண்டு போவணும்? அப்போ என் முதுகு எந்தப் பக்கம் இருக்கும், நீயே சொல்லு.”

லீமா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கு மனசிலாச்சு. ஊருக்கு யாரு சொல்லுவா? எழுத்துல ஒண்ணு இருந்தா காட்டலாம்.”

அப்போதுதான் சுந்தர்சிங்குக்கு மெடல் நினைவு வந்தது. அசாம் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அமெரிக்க லாரி டிரைவர் ஒருவன், காயம்பட்டதற்காகவே தனக்குக் கொடுத்தது என்று ஒரு மெடலைக் காட்டியிருந்தான். அவனுக்கு உண்டென்றால் நமக்கும் உண்டு என்பது சுந்தர்சிங்கின் கணக்கு. அவனுடைய சர்க்கார் வேறு, நம்முடையது வேறு என்று எடுத்துச்சொல்ல ஆள் இல்லை. காயத்துக்கான மெடல் வந்து சட்டையில் தொங்கினால் ஊர் வாய் தானாக அடைபட்டுவிடும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பிடித்தபின் அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

டெல்லிக்கு அனுப்பும் மனுவை இங்கிலீஷில் எழுத வேண்டும். பாறைவிளையில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் யார்? செல்வதாஸ் சாரேதான். பட்டப்பெயர் வைத்தவர் வீட்டு வாசலிலேயே போய் நிற்க வேண்டியதாயிற்று.

சார் காகிதத்தை எடுத்துவைத்தார். “எங்க குண்டு பட்டதுன்னு எழுதணுமேடே. முதுகுன்னு எழுதுனா தருவானா?”

சுந்தர்சிங் தரையைப் பார்த்தார். “உடம்புலன்னு மட்டும் போடுங்க சார்” என்றார். அதைச் சொன்னதற்காக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டார்.

பதில் எட்டு மாதம் கழித்து வந்தது. சுந்தர் சிங் என்பவர் தம் மெடல்களை நாற்பத்தாறிலேயே லூதியானாவில் பெற்றுக்கொண்டுவிட்டார், மறுபடியும் கேட்பது குற்றம் என்று இருந்தது. நான் வேறு சிங், திருவிதாங்கூர்க் கிறிஸ்தவன் என்று இரண்டாவது மனு போயிற்று. அதற்குப் பதிலாக, தலைப்பாகையும் தாடியும் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. செல்வதாஸ் சார் அதை ஊரெல்லாம் வாசித்துக் காட்டினார். சபை குருவானவரிடம் ஞானஸ்நானச் சான்று வாங்கி மூன்றாவது மனுவோடு இணைத்து அனுப்பினார்கள். அதற்குப் பதிலே இல்லை. ஐந்து வருஷம் இப்படிப் போயிற்று.

ஐம்பத்து நான்கு ஆகஸ்டில் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. மார்த்தாண்டத்தில் ஊர்வலம், பிறகு தடியடி, பிறகு துப்பாக்கிச் சூடு. அந்த நாளைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் உண்டு. சுந்தர்சிங் போராட்டத்துக்குப் போனவர் இல்லை. மரச்சீனிக் கூடையோடு போனவர்.

வெடிச்சத்தம் கேட்டதும் சனம் நாலாபக்கமும் சிதறியது. கூடை எங்கேயோ உருண்டது. சுந்தர்சிங் ஒரு கடைச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். ரோட்டோரத்தில் வேற்றூர்க்காரன் ஒருவன் தொடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். ரத்தம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சுந்தர்சிங் தன் துண்டால் தொடையை இறுக்கிக் கட்டினார். பாதி அடைத்திருந்த கடையிலிருந்து கதவாக அடுக்கும் இரண்டு நிரப்பலகைகளைக் கழற்றி, கிடந்தவன் வேட்டியைக் கிழித்து அவற்றைச் சேர்த்துக் கட்டினார். ஆளை அதில் புரட்டிப் போட்டாயிற்று. மறுமுனை பிடிக்க ஆள் வேண்டும். சுற்றிப் பார்த்தார். ரோட்டோர ஓடையில் ஒருவர் குப்புறக் கிடந்தார். தலையைத் தூக்கியபோது தெரிந்தது, செல்வதாஸ் சார்.

“சார், வந்து முன்பக்கம் பிடியுங்க.”

“சுடுறானுவ சிங்கு.”

“சுடட்டும். பின்பக்கம் நான்லா பிடிக்கேன்.”

சார் எழுந்து வந்தார். நிமிராமல், குனிந்தபடிதான். ஆனால் வந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பலகையைத் தூக்கியதும் ஓடப் பார்த்தார்.

“ஓடப்பிடாது” என்றார் சுந்தர்சிங். “ஓடுனா ஆளு சரிஞ்சு விழுவான். நீங்க இடது கால் வையுங்க, நான் வலது வைக்கேன். மெதுவா.”

பின்னால் இன்னும் இரண்டு வெடி கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் சாரின் தோள் தானாகக் குறுகியது. பலகையின் பின்முனை மட்டும் ஒரு அங்குலம்கூட ஆடவில்லை. ஒருமுறை சார் திரும்பிப் பார்த்தார். சுந்தர்சிங் எதிரே பாதையைப் பார்த்துக்கொண்டு, கிடந்தவனிடம் ஏதோ பேச்சுக்கொடுத்தபடி நடந்து வந்தார். அவருக்குப் பின்னால், தூரத்தில், துப்பாக்கிகள். குண்டு வந்தால் எந்த முதுகில் படும் என்று யாரும் சாருக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார்கள். அந்த மனுஷன் பிழைத்துவிட்டான்.

திரும்பும்போது இரண்டு பேரும் சேர்ந்தே நடந்தார்கள். சார் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் நம்மூர் வாத்தியார்களுக்குக் கிடையாது. ஆனால் அடுத்த வாரம் அவரே சுந்தர்சிங் வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலேயே எழுதிய நாலாவது மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் பதில் வராதபோதெல்லாம் நினைவூட்டல் எழுதினார். அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஊரும் தன் பாட்டுக்குப் புறமுதுகு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஐம்பத்தாறு நவம்பரில் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மூன்றாவது வாரம் பதிவுத் தபாலில் ஒரு சிறிய பார்சல் வந்தது. பாறைவிளைத் தபாலாபீஸ் என்பது ததேயுஸின் பலசரக்குக் கடையில் ஒரு மேஜைதான். பார்சலில் சர்க்கார் முத்திரையைப் பார்த்ததும் ததேயுஸ் ஆள் அனுப்பி சுந்தர்சிங்கையும் லீமாவையும் வரவழைத்தார். செல்வதாஸ் சாரும் வந்தார். விஷயம் தெரிந்து கடை வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். மெடல் வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் சிரிக்கலாம்.

அட்டைப்பெட்டியில் இரண்டு மெடல்கள் இருந்தன. கூடவே ஒரு கடிதம். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் பார்த்துத் தமிழில் சொன்னார். பர்மாப் போரில் பங்கெடுத்த எல்லாருக்கும் உரிய மெடல்கள் இத்துடன் அனுப்பப்படுகின்றன. காயத்துக்கென்று தனி மெடல் எதுவும் இல்லை.

“எல்லாருக்கும் உள்ளதுதானா?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். “சமையல்காரனுக்கும் இதான் குடுத்திருப்பான்.”

சுந்தர்சிங்கின் முகம் விழுந்துவிட்டது. ஏழு வருஷம். லீமா அவரைப் பார்க்காமல் மெடல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருங்கடே, இன்னும் இருக்கு” என்றார் சார். “மனுதாரர் கோரியபடி ஆஸ்பத்திரிப் பதிவேடு பார்க்கப்பட்டது. எதிரியின் துப்பாக்கிக் குண்டால் காயம்.” அங்கே நிறுத்தினார். கடிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு சத்தமாக, “வலது நெஞ்சில்” என்றார்.

யாரோ அடடே என்றார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பத்து வருஷத்துப் பட்டப்பெயர் உதிர்ந்துபோயிருக்கும். சுந்தர்சிங் பேசாமல் நின்றிருந்தால் போதும்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நாலு மாதம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் தினமும் பார்த்த ஒரு வார்த்தையைத் தெரியும். சாரின் பக்கத்தில் வந்து குனிந்து, கடிதத்தில் விரலை வைத்தார்.

“இங்க ‘பேக்’னுல்லா எழுதியிருக்கு, சார்.”

சார் குரலைத் தாழ்த்தினார். “பேசாம இரியேண்டே.”

“இல்ல சார். உள்ளதை உள்ளபடி வாசியுங்க. முதுகுதான். எனக்கு அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.”

சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, வகுப்பில் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “எதிரியின் குண்டால் முதுகில் காயம். அடிபட்டவனைச் சுமந்துகொண்டு, ஓடாமல் நடந்து வரும்போது பட்டது.”

யாரும் சிரிக்கவில்லை. சுந்தர்சிங் மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். அவ்வளவு நீளமாக அங்கே ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

“அதும் இதுல எழுதியிருக்கா, சார்?”

“இல்ல” என்றார் செல்வதாஸ் சார், எல்லாருக்கும் கேட்கும்படியாக. “அது நான் மார்த்தாண்டத்துல கண்ணால கண்டது.”