ஹாஸ்ப்ரூக் வேலியில் மஞ்சள் பூ

கடலுக்கு வெகு தூரத்தில், பனி கொட்டும் சிரக்யூஸ் பக்கத்தில் எங்கள் ஊர். மினா புருசாக் அளவுக்கு வன்மத்தைப் பொத்தி வைத்திருந்தவரை நான் அங்கே பார்த்ததில்லை. காரணம், பக்கத்து நிலத்துக்காரர் டுவைட் ஹாஸ்ப்ரூக். சாலையில் பனி அள்ளும் குத்தகைக்காரர். பனியைக் கரைக்கத் தூவும் உப்பை மலைபோலக் குவித்து, ஒரு தார்ப்பாய்கூடப் போடாமல் விட்டிருந்தார். மழையில் கரைந்த உப்பு மினாவின் பக்கம் இறங்கியது. அவரும் கணவர் லியோனும் சாறெடுத்துப் பாகு காய்ச்சிய மேப்பிள் மரங்கள் நுனியிலிருந்து கருகின. கிணற்றுத் தண்ணீரில் போட்ட காபி கரித்தது. கடைசி மரத்தை வெட்டிய குளிர்காலத்தில் லியோனும் இறந்துபோனார்.

முறையிடப் போன மினாவிடம் ஹாஸ்ப்ரூக் சிரித்தார். "உப்பில்லாம யாராவது சாப்பிடுவாங்களா, மினா? ஓசியில வருது, வெச்சுக்க."

மினா வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

மரம் பட்ட இடத்தில் புல்கூட வரவில்லை. சில வருடம் கழித்துத் தடித்த இலையோடு ஒரு செடி முளைத்து, செப்டம்பரில் மஞ்சளாகப் பூத்தது. நியூ ஜெர்சியில் தங்கை வீட்டுக்குப் பின்னால், கடற்கரை மணலில் மினா பார்த்திருந்த செடி. உப்புத் தூவிய நெடுஞ்சாலைகளின் ஓரமாகவே அது ஊர் ஊராக உள்நாட்டுக்கு ஏறி வந்திருந்தது. நல்ல மண்ணில் மற்ற புல் அதை அமுக்கிவிடும். உப்பு மண்ணில் அதற்குப் போட்டியில்லை.

மினா அதைப் பிடுங்கவில்லை. காற்று ஹாஸ்ப்ரூக் பக்கம் அடிக்கும் நாளாகப் பார்த்து, பஞ்சு விதைகளை வேலிமேல் உதறினார். வருடா வருடம் உதறினார். உப்பு ஊறிய இடமெல்லாம் அது பிடித்துக்கொண்டது. ஹாஸ்ப்ரூக் இயந்திரம் வைத்து வெட்டினார். செடி குட்டையாகி, கத்திக்கு எட்டாதபடி தரையோடு பூத்தது.

பிறகு ஹாஸ்ப்ரூக் தன் நிலத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப் பேசி முடித்தார். அவர்களுடைய பொறியாளர், ஒரு இளம்பெண், இடத்தைப் பார்க்க வந்தது செப்டம்பரில். மினா வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

"இந்தப் பூவ எங்கயாவது பாத்திருக்கியாம்மா?"

"பீச்சுல பாத்திருக்கேன். இங்க எப்படி வந்துச்சு?"

"எது வரைக்கும் பூத்திருக்குன்னு நடந்து பாரு. அப்புறம் வந்து என் கிணத்துத் தண்ணியில ஒரு வாய் குடி."

அந்தப் பெண் மஞ்சள் பூக்களைத் தொடர்ந்தே நடந்து உப்புக் குவியலின் அடியில் போய் நின்றாள். மண்ணைச் சோதித்தார்கள். விற்பனை நின்றுபோனது. குவியலை அகற்றும்படி ஹாஸ்ப்ரூக்குக்கு உத்தரவும் வந்தது.

அவர் வேலிக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "உன் நிலத்தையும் இனி எவனும் வாங்கமாட்டான். தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன்."

அன்று மினா என் வீட்டில் ஆப்பிள் பை இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.