அயர்லாந்து வக்கீல்

திருவரங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மலையாண்டியின் மகள் வைஷ்ணவி வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். திருச்சியில் ஒரு கம்பெனி, அயர்லாந்து வக்கீல்களின் சங்கத்துக்கு அலுவலக வேலைகளைச் செய்து கொடுத்தது. அங்கே வக்கீல்கள் வருஷா வருஷம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். காப்பீடு எடுத்தார்களா, பயிற்சி வகுப்புகளை முடித்தார்களா என்று சரிபார்த்து, விட்டுப்போனதைக் கேட்டு மெயில் அனுப்புவாள் வைஷ்ணவி. உரிமம் இல்லாமல் யாராவது வக்கீல் என்று சொல்லிக்கொண்டிருந்தால் மேலிடத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

மலையாண்டிக்கு இந்த விவரமெல்லாம் பிடிபடவில்லை. டீக்கடையில், “எம்மக அயர்லாந்து வக்கீலுப்பா. வெள்ளக்காரனே அவகிட்டதான் பெர்மிஷன் கேக்கணும்” என்று சொல்லி வைத்துவிட்டார். காதுக்கு வந்தபோது வைஷ்ணவி சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாள். ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். அப்போதும் சும்மாதான் இருந்தாள். உட்கார்ந்தது சுகமாகக்கூட இருந்தது.

மாசி மாதம் அடுத்த வீட்டுச் சொர்ணம் வந்தாள். புருஷனை இழந்தவள். அவள் வயலுக்குப் போகும் பாதையைக் கொழுந்தன் நாகராசு முள்வேலி போட்டு அடைத்துவிட்டான். அவள் கொடுத்த மனுவின் பேரில் போலீஸ் ஸ்டேஷனில் இரு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

“டவுன் வக்கீலப் பாக்கலாம்னு என் தம்பி சொன்னான். எதுக்கு, நம்ம வைஷ்ணவி இருக்காளேன்னுட்டேன். நீ வந்து பக்கத்துல நின்னாப் போதும் தாயி.”

‘நான் வக்கீல் இல்லை அயித்தை’ என்பது நாக்கு நுனிவரை வந்தது.

“வாரேன் அயித்தை” என்றாள்.

மறுநாள் காலையில் பீரோவைத் துழாவி வெள்ளைச் சுடிதாரை எடுத்து உடுத்திக்கொண்டாள். எதற்காக என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் நாகராசு பக்கம் பேச, புதுக்கோட்டையிலிருந்து வக்கீல் பிரகதீஸ்வரி வந்திருந்தார். எஸ்.ஐ. வைஷ்ணவியைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

“மேடம் எந்தக் கோர்ட்டுல ப்ராக்டீஸ் பண்றீங்க?”

சொர்ணம் முந்திக்கொண்டாள். “அயர்லாந்துங்க சார்.”

பிரகதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். குரலில் கேலி இல்லை. “அங்க வக்கீலாப் பதிவு பண்ணியிருக்கீங்களாம்மா?”

“இல்லைங்க மேடம். நான் வக்கீல் இல்லைங்க. வக்கீல் சங்கத்துக்கு ஆபீஸ் வேலை பாக்குறேன்.”

நாகராசு தொடையைத் தட்டிச் சிரித்தான். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. “அப்ப வெளிய இருங்கம்மா.”

பிடித்து வைத்திருந்த பைக்குகளின் ஓரமாக, வெயிலில் போய் நின்றாள். உள்ளே பிரகதீஸ்வரியின் தெளிவான பேச்சும், நடுவே திக்கித் திணறும் சொர்ணத்தின் குரலும் கேட்டன. இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் சொர்ணம் கோபப்படவில்லை. “அப்ப நீ என்னதான் வேலை பாக்குற தாயி?” என்றாள்.

இந்தத் தடவை வைஷ்ணவி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“லைசென்சு இல்லாம வக்கீல்னு சொல்லிக்கிறவுகளப் புடிச்சுக் குடுக்குற வேலையா?” சொர்ணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வைஷ்ணவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊர் வரும்வரை திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள். “இனிமே யார்கிட்டயும் வக்கீல்னு சொல்லாதீங்கப்பா. ஒங்க மேல தப்பில்ல. நாந்தான் மறுத்துச் சொல்லாம இருந்துட்டேன்.”

“பெருமையா இருந்துச்சு ஆத்தா” என்றார் மலையாண்டி. சில நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை.

அந்த வாரமே புதுக்கோட்டை கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குச் சொர்ணத்தைக் கூட்டிக்கொண்டு போனாள் வைஷ்ணவி. அங்கே ஒரு வக்கீலை அமர்த்திக் கொடுத்தார்கள். வழக்கு நடக்கிறது. வேலி இன்னும் எடுக்கப்படவில்லை. மதியத்துக்கு மேல் வைஷ்ணவி லேப்டாப்பின் முன் உட்காரும் நேரத்தில்தான் சொர்ணம் வயலிலிருந்து புல்லுக்கட்டோடு, பாதை அடைபட்டதால் கண்மாய்க் கரையைச் சுற்றி வருவாள். ஜன்னல் வழியாக அவளைக் கண்டால் வைஷ்ணவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.