நான் எறிந்த துண்டு

குத்துச்சண்டையில் ஒருவரால் இனி முடியாது என்றால் மேடைக்குள் துண்டை எறியலாம். ஆனால் எறிய வேண்டியவர் அவருடைய மூலையில் நிற்கும் உதவியாளர் மட்டுமே. பார்வையாளர் எறிந்தால் செல்லாது. இந்த விதி எனக்குத் தெரியவந்தபோது நான் ஏற்கெனவே எறிந்திருந்தேன். வயது பத்து.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை மைதானத்தில் போட்டி. சண்டை போட்டவர் சித்தப்பா. மூலையில் நின்றவர் அப்பா. அப்பா வாழ்நாளில் ஒரு குத்துகூட வாங்கியதில்லை, ஆகவே விட்டுக்கொடுப்பது அவருக்குப் பிடிக்காது.

மேடை ஏறுமுன் சித்தப்பா என்னிடம் ஒரு துண்டைத் தந்தார். "கண்ணு, நான் உன்னியப் பாத்தேன்னா இத்தத் தூக்கி உள்ள போட்டுடு. நைனாகிட்ட சொல்லிடாத."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பூந்தமல்லி பஸ்ஸில் சித்தப்பா ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுத்தான் எங்களுக்கு இடம் பிடிப்பார்.

இரண்டாவது சுற்றில் அவருக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மற்றதால் என்னைப் பார்த்தார். இடம் பிடித்தேன். துண்டு அப்பாவின் மூலையிலிருந்து வந்ததென்று நினைத்து நடுவர் சண்டையை நிறுத்தி எதிராளியின் கையைத் தூக்கினார்.

"இன்னா புள்ள நீ! நல்லா ஆடிகினு இருந்தான், கெடுத்துட்டியே!" என்று அப்பா கத்தினார்.

"ஆடுனானா? வாங்கிகினு இல்ல இருந்தான்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"உடு அண்ணாத்தே, கொயந்த," என்றார் சித்தப்பா, கிழிந்த உதட்டோடு.

பள்ளியில் ஆங்கில ஆசிரியை விளக்கினார். முன்பெல்லாம் முகம் துடைக்கும் பஞ்சை எறிவார்களாம், பிறகு அது துண்டானதாம். அதனால்தான் ஆங்கிலத்தில் ஒருவர் எதைக் கைவிட்டாலும் துண்டை எறிந்துவிட்டார் என்கிறார்கள். விதிப்புத்தகத்தையும் அவரே தேடித் தந்தார். பாவம், சித்தப்பாவுக்கும் பஸ் வழக்கம் மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது என்று இரங்கினேன்.

நான் செய்த கேட்டை நானே சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். விதியைச் சுட்டிக்காட்டி, மறுபோட்டி கோரி, போட்டிச் செயலாளருக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று. நினைவூட்டல் இரண்டு. மூன்றாவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிற்பாடு அரசுப் பணியில் சேர்ந்தபோது எனக்கு யாரும் எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

"லெட்டர்லாம் இன்னாத்துக்கு கண்ணு? உட்டுடேன்," என்று சித்தப்பா கெஞ்சினார். அவருடைய பெருந்தன்மை என் உறுதியைக் கூட்டியது.

மனு ஏற்கப்பட்டது, அதே எதிராளியுடன் மறுபோட்டி என்று வந்த பதிலை நான்தான் உரக்கப் படித்தேன். அப்பா விசிலடித்தார். எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் இருந்த தட்டை நகர்த்திவிட்டுச் சித்தப்பா எழுந்துபோனார். வயிறு சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று ஆடி பதினெட்டு.